பாலையில் விளையும் இறப்பர்: குவாயூலேச் செடியின் இயல்பும் வாழிடமும்

மழை பொய்த்த காலத்து முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் தம் வளங்குன்றி வறண்டு மாறும் நிலையையே பண்டைத் தமிழர் பாலை என்றனர். அவர்களுக்குப் பாலை என்பது தனியான ஓர் இடமன்று. நிலத்துக்கு ஒரு காலத்தில் நேரும் துன்பநிலை. ஆயின் உலகின் சில பகுதிகளில் அத்துன்பநிலையே நிலைபேறுடையதாய் அமைந்துவிட்டது. அங்கேயும் உயிர்கள் வாழ்கின்றன. வாழ்வது மாத்திரமன்று, அவ்வறட்சியையே முதலாகக் கொண்டு அரும்பொருள் ஆக்குவனவும் அவற்றுள் உள. வட அமெரிக்காவின் சிகுவாகுவாப் பாலைநிலத்தில் வளரும் குவாயூலே என்னும் சிறு செடி அத்தகையது. நீரற்ற சுண்ணக்கற் சரிவிலே நின்று, எவரும் எதிர்பாராத வண்ணம், இறப்பரை ஆக்குகின்றது அச்செடி.

இறப்பர் என்றதும் ஈரவலயத்தின் ஓங்கிய மரங்களும், பட்டையிற் கீறிய வடுவும், சிரட்டையில் வடியும் வெண்பாலுமே நினைவுக்கு வருவன. அவ்விறப்பரே அரை மனித உயரமுடைய சாம்பல்நிறச் செடியொன்றிலும் விளைகின்றது என்பதும், அச்செடி சூரியகாந்தியின் உறவு என்பதும் பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

பெயரும் குடும்பமும்

சூரியகாந்தி, செவ்வந்தி, கையாந்தகரை, மூக்குத்திப்பூண்டு முதலியன அடங்கிய கொம்பொசித்தே என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது குவாயூலே. இக்குடும்பத்துக்கு அசுத்தரேசியே என்ற பெயரும் உண்டு. தாவரநூலார் இச்செடிக்கு இட்ட பெயர் பார்த்தீனியம் ஆர்ஜென்தாத்தம் என்பது. இதில் முன்னது சாதிப்பெயர், பின்னது இனப்பெயர். வெள்ளி பூசப்பெற்றது என்பது இனப்பெயரின் பொருள். தூரத்தே நின்று நோக்குவார்க்கு இலைகள் வெள்ளிநிறமாய் மின்னுவதால் அப்பெயர் பொருத்தமுடையதே.

குவாயூலே என்பது வழக்குப்பெயர். மெக்சிக்கோவின் பழங்குடி மொழியாகிய நாவாத்திலில் மரத்தைக் குறிக்குஞ் சொல்லும் இறப்பரைக் குறிக்குஞ் சொல்லும் இணைந்து அப்பெயர் பிறந்தது என்பர். விஞ்ஞானிகள் கண்டறியுமுன்னரே இச்செடியின் இயல்பை அந்நிலத்து மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்குப் பெயரே சான்று. பட்டையை வாயிலிட்டு மென்று, நாரைத் துப்பி, எஞ்சிய இறப்பரைத் திரட்டிப் பந்து செய்யும் வழக்கம் அவர்களிடம் இருந்ததாகக் கூறுவர்.

ஐக்கிய அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே எல்லை வகுத்த அளவைக் குழுவினருடன் சென்ற பிகெலோ என்னும் மருத்துவர் 1852 ஆம் ஆண்டில் தெக்சாசிலே இச்செடியைச் சேகரித்தார். ஆர்வாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏசா கிறே 1859 ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். அப்பொழுது அது பாலைநிலத்துச் செடிகளுள் ஒன்றெனவே கருதப்பட்டது.

வாழிடம்

மெக்சிக்கோவின் மேற்கிலும் கிழக்கிலும் சியரா மாத்திரே எனப்படும் இரு பெரும் மலைத்தொடர்கள் உள்ளன. பசிபிக்குச் சமுத்திரத்திலிருந்தும் மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்தும் வரும் ஈரக்காற்று இம்மலைகளின் வெளிச்சரிவுகளிலேயே தன் நீரைச் சொரிந்துவிடுகின்றது. இடைப்பட்ட உயர்ந்த மேட்டுநிலத்தை வறண்ட காற்றே அடைகின்றது. இம்மழை நிழலே சிகுவாகுவாப் பாலைநிலம் தோன்றியதற்கு முதன்மையான காரணம். கொவாகுயிலா, சிகுவாகுவா, துராங்கோ, சக்காத்தேக்காசு, சான் லூயிசு பொத்தோசி, நுவேவோ லியோன் ஆகிய மெக்சிக்க மாநிலங்களிலும், தெக்சாசின் தென்மேற்கே பிக் பென்ட் எனப்படும் பகுதியிலும் குவாயூலே இயற்கையாக வளர்கின்றது.

அந்நிலத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை பெரும்பாலும் 10 முதல் 15 அங்குலம் வரையிலேயே அடங்கும். அதிலும் பெரும்பகுதி கோடையின் பிற்பகுதியில் இடியுடன் கூடிய சில பெருமழைகளாக வந்து மறைகின்றது. எஞ்சிய மாதங்களில் வானம் வெளுத்தே கிடக்கும். மேட்டுநிலமாதலாற் கோடைப்பகல் கொளுத்த, மாரியிரவு நீரை உறையச் செய்யும். வெப்பமும் வறட்சியும் மாத்திரமன்றிக் கடுங்குளிரும் இங்கு வாழுஞ் செடிக்குப் பகையாகின்றது.

அப்பாலைநிலம் முழுவதும் குவாயூலே பரந்திருக்கின்றதோவெனின் இல்லை. நீர் தேங்கும் தாழ்நிலக் களிமண்ணில் அதனைக் காண்டலரிது. சுண்ணக்கற் குன்றுகளின் சரிவுகளும், அவற்றின் அடியிற் கற்களும் பரலும் சேர்ந்து விசிறி போற் பரந்த சாய்நிலங்களும் அதற்கு உவப்பானவை. அங்கே நீர் விரைந்து வடிந்துவிடும். வேர்களைச் சுற்றி ஈரம் தேங்குவதில்லை. வறட்சியைப் பொறுக்கும் இச்செடி வெள்ளத்தைப் பொறுப்பதில்லை. தேங்கிய நீரில் வேர் அழுகி மாளும். நீரை இறைத்து வளர்க்க முயன்றோர் பலரும் முதலிற் கற்ற பாடம் இதுவே.

குவாயூலேயின் அயலில் இலெச்சுகுயில்லா என்னும் கூர்முட் கற்றாழையும், பிசின் மணம் வீசும் கிறியசோற்றுச் செடியும், நாகதாளியினங்களும், கோல்போல் நிமிர்ந்த ஒக்கொத்தில்லோவும் நிற்கும். மரியோலா எனப்படும் பார்த்தீனியம் இன்கானம் என்னும் நெருங்கிய உறவுச் செடியும் உடன் வளரும். இரண்டும் சாம்பல்நிறமுடையனவாதலாற் புதியவர் மயங்குவர். மரியோலாவின் இலை பல மடல்களாகப் பிளந்திருக்கும். குவாயூலேயின் இலை ஒடுங்கி நீண்டு, விளிம்பிற் சில பற்களை உடையதாகவோ பற்களின்றியோ இருக்கும். மரியோலாவில் உள்ள இறப்பர் மிகச் சிறிதளவே.

உருவ அமைப்பு

முதிர்ந்த குவாயூலே பெரும்பாலும் இரண்டு அடி முதல் மூன்று அடி உயரமாக வளரும் பல்லாண்டுச் செடி. அடியிலிருந்தே பல கிளைகள் நெருங்கிப் பிரிவதால் வட்டமான புதர்போலத் தோன்றும். ஒவ்வொரு கிளையின் நுனியும் பூந்துணராக முடிவடைய, அதற்குச் சற்றுக் கீழேயுள்ள கக்கவரும்புகள் வளர்ந்து புதுக்கிளைகளாகும். அவையும் பூந்துணராக முடிய, மேலும் கிளைகள் தோன்றும். இம்முறையே செடிக்கு ஒழுங்கான உருவைத் தருகின்றது. வளர்ச்சி மிக மெதுவானது; ஆயுளோ நீண்டது. வறணிலத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழும்.

மழை ஈரம் மேல்மண்ணை நனைத்து விரைவில் மறைந்துவிடுமாதலால், அது மறையுமுன் உறிஞ்சிக்கொள்ள ஏற்ற பக்கவேர்கள் நாலாபுறமும் பரந்துள்ளன. ஆழத்தே செல்லும் ஆணிவேரும் உண்டு. நிலமட்டத்துக்கு அண்மையிலுள்ள பக்கவேர்களிலிருந்து சில வேளைகளிற் புதிய தளிர்கள் எழுந்து தனிச்செடிகளாவதும் உண்டு.

இலையின் அமைப்பே வறட்சிக்கு எதிரான முதன்மைக் காப்பு. இரு மேற்பரப்பையும் நுண்மயிர்கள் அடர்ந்து மூடியுள்ளன. ஒவ்வொரு மயிரும் குறுகிய காம்பின் மேல் குறுக்காகக் கிடத்திய கோல் போன்றது. இம்மயிர்ப் போர்வை சூரியவொளியின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகின்றது. இலைவாய்களின் மேலே அசைவற்ற காற்றுப்படையை நிறுத்தி ஆவியுயிர்ப்பையும் குறைக்கின்றது. வெள்ளிநிறம் என நாம் காண்பது இப்போர்வையையே. வறட்சி நீடிக்குமாயின் கீழிலைகள் உதிர்ந்து, கிளைநுனிகளிற் சிறு இலைக்கொத்துகள் மாத்திரம் எஞ்சும். செடி இறந்ததெனத் தோன்றும். மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கும்.

பூவும் வித்தும்

சூரியகாந்தியிற் பூவென வழங்குவது உண்மையில் ஒரு பூவன்று. பல சிறுபூக்கள் நெருங்கிய தலையுரு என்பது மாணவர் அறிந்ததே. குவாயூலேயும் அவ்வாறானதே, ஆயின் தலையுரு மிகச் சிறியது. வெளிறிய மஞ்சணிறமுடைய இத்தலையுருக்கள் இலையற்ற நீண்ட காம்புகளின் மேற் கூட்டமாய் நிற்கும். ஓரத்தில் ஐந்து கதிர்ச் சிறுபூக்கள் உள்ளன. வித்துண்டாவது இவ்வைந்திலேயே. நடுவிலுள்ள வட்டத்தட்டுச் சிறுபூக்கள் மகரந்தத்தை மாத்திரம் தருவன. ஆகவே ஒரு தலையுருவிலிருந்து கிடைக்கும் வித்துகள் ஐந்துக்கு மேற்படா. ஒவ்வொரு வித்தும் உதிரும்போது அயலிலுள்ள இரு வட்டத்தட்டுச் சிறுபூக்களையும் ஒரு பூவடியிலையையும் உடன் கொண்டே உதிரும். பார்த்தீனியச் சாதியின் சிறப்படையாளம் இது. மகரந்தச் சேர்க்கை காற்றாலும் பூச்சிகளாலும் நிகழ்கின்றது.

புதிதாக உதிர்ந்த வித்து உடனே முளைப்பதில்லை. சில காலம் உறங்கியே முளைக்கும். தற்செயலாகப் பெய்யும் ஒரு மழையை நம்பி வித்துகள் யாவும் முளைத்தழியாமல் இவ்வுறக்கம் காக்கின்றது.

இனப்பெருக்கத்தில் இன்னுமொரு புதுமையும் உண்டு. குவாயூலேச் செடிகள் யாவற்றின் கலங்களும் ஒரே எண்ணிக்கையான நிறமூர்த்தங்களை உடையனவல்ல. துராங்கோ மாநிலத்தின் சில இடங்களில் 36 நிறமூர்த்தங்களையுடைய செடிகள் உள்ளன. இவை பிற செடியின் மகரந்தத்தால் கருக்கட்டப்பட்டே வித்தைத் தருவன. ஏனைய இடங்களில் 54, 72 என நிறமூர்த்தங்கள் மிகுந்த செடிகளே பெரும்பாலன. இவை பெரும்பாலும் கருக்கட்டலின்றியே வித்துகளைத் தோற்றுவிக்கும். பிறக்கும் சேய் தாயை முற்றும் ஒத்திருக்கும். ஓரோவழிக் கருக்கட்டலும் நிகழும். கடுமையான வாழிடத்துக்கு ஒருமுறை பொருந்திய அமைப்பை மாற்றமின்றிக் காப்பதும், இடையிடையே புதுமைக்கு இடமளிப்பதும் ஆகிய இரு பயனும் இதனாற் கிடைக்கின்றன. நல்லினச் செடியொன்றைத் தேர்ந்தால் அதன் வித்துகளைக் கொண்டே அவ்வினத்தைப் பெருக்கலாமாதலாற் பயிர்செய்வோர்க்கும் இது துணையாகின்றது. ஆயின் இரு நல்லினங்களைக் கலந்து மேலானதொன்றை ஆக்க முயல்வோர்க்கு இதுவே தடையுமாகின்றது.

இறப்பர் பிறக்குமிடம்

எருக்கலையின் இலையைக் கிள்ளினாற் பால் வடிகின்றது. இறப்பர் மரத்தின் பட்டையைக் கீறினாலும் பால் வடிகின்றது. இவற்றிற் பாற்குழாய்கள் தொடர்ந்து ஓடுவதே காரணம். குவாயூலேயின் கிளையை ஒடித்தால் ஒரு துளி பாலும் வடியாது. இச்செடியிற் பாற்குழாய்கள் இல்லை. இறப்பர் பட்டையிலும் தண்டிலும் வேரிலும் உள்ள மென்கலங்களில், ஒவ்வொரு கலத்தினுள்ளும் நுண்டுணிக்கைகளாகச் சிறைப்பட்டிருக்கின்றது. ஒடித்த கிளையிற் பிசினே கசியும். அது தனியான பிசின் கால்வாய்களில் ஓடுவது. ஆகவே கீறி எடுக்க இயலாது. செடியைப் பிடுங்கி அல்லது வெட்டி, அரைத்து, கலங்களை உடைத்தே இறப்பரைப் பெறல்வேண்டும். பழைய ஆலைகளில் அரைத்த கூழை நீரிலிட, நீரூறிய நார் அமிழ, இறப்பர் சிறு புழுக்கள் போற் சுருண்டு மிதந்தது. இந்நாளிற் கரைப்பான்களைக் கொண்டு பிசினை நீக்கித் தூயதாக்குகின்றனர். இறப்பரிற் பெரும்பகுதி தண்டிலும் கிளைகளிலும், எஞ்சியது வேரிலும் உள்ளது. இலையில் இல்லையென்றே கூறலாம். உலர்ந்த காட்டுச்செடியின் நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இறப்பராக இருத்தல் கூடும். மூலக்கூற்றமைப்பில் அது மர இறப்பரை ஒத்ததே.

அவ்விறப்பர் உண்டாகும் காலமே சிந்திக்கத்தக்கது. மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போது செடி தளிர்த்துப் பூத்து வளர்கின்றது. அப்பொழுது ஒளித்தொகுப்பாற் பெறப்படும் உணவு வளர்ச்சிக்கே செலவாகின்றது. இறப்பர் சிறிதே உண்டாகும். ஈரங் குன்றி வளர்ச்சி தடைப்பட்டதும், அல்லது இரவுகள் குளிர்ந்ததும், அவ்வுணவு இறப்பராக மாறத் தொடங்குகின்றது. குளிர்ந்த இரவுகள் இறப்பர்ச் சேர்க்கையைத் தூண்டுவதை யேம்சு பொனர் 1943 ஆம் ஆண்டில் பரிசோதனை மூலம் காட்டினார். இடையறாது நீர்பாய்ச்சிச் செழிக்க வளர்த்த செடி பருத்திருக்கும். ஆயின் இறப்பர் விகிதம் குறைந்திருக்கும். முற்றிலும் நீரின்றி விட்டாலோ செடியே சிறுத்துவிடும். இரண்டு நிலையும் மாறிமாறி வருதலே விளைவுக்கு வேண்டுவது. முல்லையாய் இருந்து பாலையாகத் திரியும் நிலத்தின் போக்குக்கு ஏற்பவே இச்செடியின் உள்ளியக்கமும் அமைந்திருக்கின்றது எனலாம். சேர்த்த இறப்பரைச் செடி பின்னர் உணவாகக் கொள்வதில்லை. செடி முதிருந்தோறும் இறப்பரும் பெருகுகின்றது.

மனிதர் நாடியதும் கைவிட்டதும்

பிரேசிலிலிருந்து உவிக்காம் கொணர்ந்த இறப்பர் வித்துகள் 1876 ஆம் ஆண்டிற் கியூத் தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அதே 1876 ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரப் பொருட்காட்சியிலே துராங்கோவிலிருந்து வந்த குவாயூலே இறப்பர் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரு இறப்பரும் ஒரே காலத்தில் உலகின் முன் வந்து நின்றன. அவற்றின் பின்வரலாறோ வெவ்வேறாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்சிக்கோவில் ஆலைகள் எழுந்தன. 1910 ஆம் ஆண்டளவில் உலக இறப்பரிற் பத்திலொரு பங்கு குவாயூலேயிலிருந்து கிடைத்தது. ஆயின் அது பயிரிட்டுப் பெற்றதன்று. முப்பதாண்டு நின்ற செடிகளை வேரோடு பிடுங்கிப் பெற்றது. மெதுவாக வளருஞ் செடி அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது. காட்டுச்செடிகள் அருகின, 1910 இல் மூண்ட மெக்சிக்கப் புரட்சியும் ஆலைகளை நிலைகுலைத்தது. பிரான்சிசு உலோயிட்டு என்னும் தாவரவியலார் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலே இச்செடியின் வாழ்க்கையை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தது. பின்னர் கலிபோர்ணியாவிலே சலீனாசுப் பள்ளத்தாக்கிற் பயிர்செய்கை முயற்சிகள் நடந்தன. 1930 ஆம் ஆண்டில் அம்முயற்சிகளைப் பார்வையிட்டு, நாட்டின் பாதுகாப்புக்காக இச்செடியை வளர்த்தல் வேண்டுமென அறிக்கை எழுதிய படையதிகாரிகள் இருவருள் ஒருவர், பின்னாளிற் சனாதிபதியாகிய ஐசனோவர். அவ்வறிக்கை அக்காலத்திற் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யப்பானியப் படைகள் மலாயாவையும் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்ற, நேசநாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இறப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. எஞ்சிய தோட்டங்களுள் முதன்மையானவை இலங்கைத் தோட்டங்களே. அவற்றின் மரங்கள் வரைமுறையின்றிக் கீறப்பட்டன. அதே நெருக்கடியில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் 1942 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5 ஆந் திகதி அவசர இறப்பர்த் திட்டத்தைச் சட்டமாக்கிற்று. ஏறத்தாழ 32,000 ஏக்கரிற் குவாயூலே நடப்பட்டது. யப்பானிய வமிசத்தினர் என்ற காரணத்தால் மன்சனார் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டோருள் நாற்றுமேடைத் தொழிலில் வல்லோர் பலர் இருந்தனர். ஒளித்தொகுப்பாராய்ச்சியிற் பெயர்பெற்ற இரொபேட்டு எமர்சனின் துணையுடன் அவர்கள் எளிய கருவிகளைக் கொண்டே, வெட்டுத்துண்டுகளிலிருந்து குவாயூலேயை வளர்க்கும் முறையை வகுத்தனர். தம்மைச் சிறைவைத்த நாட்டுக்கு அவர்கள் ஆற்றிய இத்தொண்டு மறக்கத்தக்கதன்று.

போர் முடிவதற்குள் கிடைத்த இறப்பர் ஏறத்தாழ 1,400 தொன் மாத்திரமே. செடிகள் முதிர்வதற்குள் போர் முடிந்தது. பெற்றோலியத்திலிருந்து செயற்கையிறப்பர் ஆக்கும் ஆலைகள் பெருகின. கிழக்கிலிருந்து மர இறப்பரும் மீண்டும் வந்தது. நிலத்தை உரியவரிடம் ஒப்படைப்பதற்காக, அறுவடைக்கு நின்ற செடிகள் உழுதும் எரித்தும் அழிக்கப்பட்டன. பல்லாண்டு உழைப்பும் அவற்றோடு சாம்பராயிற்று.

இன்றைய நிலை

அதன் பின்னரும் குவாயூலே முற்றும் மறக்கப்படவில்லை. 1970களில் எண்ணெய் விலை ஏற, ஆராய்ச்சி மீண்டும் உயிர்பெற்றது. மர இறப்பரிலுள்ள சில புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையை விளைவிக்க, அப்புரதங்களற்ற குவாயூலேப் பால் மருத்துவத் துறையினரின் கவனத்தைக் கவர்ந்தது. 2008 ஆம் ஆண்டில் அப்பாலிற் செய்த மருத்துவக் கையுறைக்கு ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறிட்ஜ்ஸ்ரோன் நிறுவனம் அரிசோனாவில் ஆராய்ச்சிப் பண்ணையும் ஆலையும் நிறுவி, இயற்கையிறப்பர் முழுவதும் குவாயூலேயிலிருந்தே பெறப்பட்ட ரயர்களை 2015 ஆம் ஆண்டிற் செய்து காட்டிற்று. எனினும் அறுவடைக்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கவேண்டியிருப்பதும், மர இறப்பர் மலிவாகக் கிடைப்பதும் அதன் பரம்பலைத் தடுக்கின்றன.

இலங்கையர்க்கு இச்செடியின் உடன்பிறப்பொன்று நன்கு தெரியும். 1980களின் பிற்பகுதியில் வட பகுதியில் வேரூன்றி, வயல்வரம்புகளிலும் தெருவோரங்களிலும் பரவி, தொடுவோர்க்குத் தோல் அரிப்பையும் நுகர்வோர்க்கு மூச்சிடரையும் தரும் பார்த்தீனியக் களையே அது. அதன் இனப்பெயர் இசுத்தெரோபோரசு. ஒரே சாதியிற் பிறந்த இரண்டனுள் ஒன்று, தன் நிலத்தை விட்டு அயல்நாடு புகுந்து வேண்டாத இடமெல்லாம் பெருகுகின்றது. மற்றதோ வேண்டி வளர்த்தாலும் தயங்கியே வளர்கின்றது. எனவே, ஒரு செடி நன்மை தருவதோ தீமை தருவதோ என்பதை அதன் குலத்தைக் கொண்டு துணிதல் தவறு. அது நிற்கும் இடத்தையும் கொண்டே துணிதல் வேண்டும்.

உலகின் இயற்கையிறப்பர் முழுவதும் இன்றும் பெரும்பாலும் ஒரே மரவினத்தையே சார்ந்துள்ளது. அம்மரம் பிறந்த தென்னமெரிக்காவில் இலைவெளிறல் என்னும் பங்கசு நோய் பெருந்தோட்டங்களை அழித்தது. அந்நோய் ஆசியாவில் வேரூன்றாமையாலேயே இங்குள்ள தோட்டங்கள் நிலைத்து நிற்கின்றன. என்றேனும் அது கடல்கடந்து வருமாயின், இறப்பரை நம்பி வாழும் குடும்பங்களின் நிலை யாதாகும் என்பது எண்ணிப்பார்க்கவேண்டிய வினா. குவாயூலேயை ஈரவலயத்தில் நடுதல் இதற்கு விடையாகாது. அது பாலைக்கே உரியது. ஆயினும் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது என்பதை அதன் வரலாறு தெளிவாகவே உணர்த்துகின்றது. நெருக்கடி வந்தபோது தேடுவதும், அது நீங்கியதும் எரித்துவிடுவதும் அறிவுடைமையாகா. மெதுவாக வளரும் பொருளை முன்கூட்டியே பேணுதல் வேண்டும். தேவை எழுந்த பின்னர் நட்ட செடி தேவைக்கு உதவாது என்பதைச் சலீனாசுப் பள்ளத்தாக்கின் சாம்பர் காட்டிற்று.